ஒரு ரன்னில் விழாத சென்னை, 10-வது இடத்துக்கு எப்படிப் போனது?

சென்னையிலிருந்து ஈசிஆரில் புதுச்சேரி போகிறவர்களுக்கு மரக்காணம் என்றாலே வெள்ளை வெளேர் என்று குவித்து வைத்த உப்புக் குவியல்கள்தான் ஞாபகத்துக்கு வரும். அந்தக் கடற்கரையில் உப்பு சீசன் உச்சத்தில் இருக்கும் மாதங்களும் ஐபிஎல் நடக்கும் மாதங்களும் ஒன்றுதான். வெயில் ஏறுவதற்குள் வேலையை முடிக்க, விடியும் முன்பே உப்பளத்தில் இறங்க வேண்டும். அப்படி இறங்க வேண்டிய ஒருவர் 2019 மே 12 ராத்திரி சென்னை சூப்பர் கிங்ஸ் ஃபைனலைக் கடைசி பந்து வரை பார்த்திருந்தால், அன்றைக்கு அவருக்குத் தூக்கமும் போச்சு, கோப்பையும் போச்சு.

அந்த ஓவரை இன்னும் மறக்காதவர்கள் நிறைய பேர். ஹைதராபாத்தில் மும்பை எடுத்தது 149. ரத்தம் வழியும் முழங்காலோடு ஷேன் வாட்சன் 80 ரன் அடித்திருந்தார். அவருக்கு ஆறு தையல் போட்டது பிறகு ஹர்பஜன் சிங் சொல்லித்தான் ஊருக்கே தெரியும். கடைசி ஓவரில் 9 ரன் வேண்டும். முந்தைய ஓவரில் 20 ரன் கொடுத்திருந்த மலிங்காவிடமே பந்து வந்தது. நான்காவது பந்தில் இரண்டாவது ரன்னுக்கு ஓடி வாட்சன் ரன் அவுட். கடைசிப் பந்தில் 2 ரன் தேவை. ஷர்துல் தாக்கூர் எல்பிடபிள்யூ. ஒரு ரன்னில் தோல்வி. 'அன்னைக்கு தோனி ரன் அவுட்டா இல்லையா' என்று டீக்கடையில் கேட்டால் இன்றைக்கும் சண்டை வரும்.

சென்னையின் 'சரிவு' என்றதும் பலர் சொல்வது இந்த இரவைத்தான். ஆனால் கணக்கைப் பார்த்தால் கதை வேற மாதிரி இருக்கிறது.

பத்து ஃபைனல், ஐந்து கோப்பை

2008 முதல் 2019 வரை, தடை விதிக்கப்பட்ட 2016, 2017 இரண்டு வருடங்களை விட்டுவிட்டால், சென்னை ஆடியது 10 சீசன். பத்திலும் அரையிறுதி அல்லது பிளே-ஆஃப். அதில் எட்டு முறை ஃபைனல். பிறகு 2021, 2023-ஐயும் சேர்த்தால் மொத்தம் 10 ஃபைனல், 5 கோப்பை. அதாவது, ஐபிஎல்லின் பெரிய சாம்ராஜ்யம் என்று நாம் கொண்டாடும் அணி, தான் போன ஃபைனல்களில் சரிபாதியைத் தோற்றிருக்கிறது.

அதில் சில தோல்விகள் ரொம்பவே கொடுமையானவை. 2008-ல் ராஜஸ்தானிடம் கடைசிப் பந்தில் தோல்வி. 2012-ல் சேப்பாக்கத்தில் 190 அடித்தும் போதவில்லை. மெக்கல்லம் வெளியே உட்கார, அவர் இடத்தில் வந்த பிஸ்லா 48 பந்தில் 89 அடித்துவிட்டுப் போனார். 2013-ல் ஈடன் கார்டனில் 149 ரன்தான் இலக்கு. 3 ரன்னுக்கு 3 விக்கெட். தோனி 63 ரன்னோடு கடைசி வரை நின்றும் 23 ரன்னில் தோல்வி.

இதில் எதுவும் அந்த அணியை உடைக்கவில்லை. 2008-ல் தோற்றவர்கள் 2010, 2011-ல் கோப்பையை வாங்கினார்கள். 2012-ல் தோற்றவர்கள் அடுத்த வருடமே ஃபைனலில் நின்றார்கள். தடை முடிந்து 2018-ல் வந்தபோது 'டாடீஸ் ஆர்மி' என்று கிண்டல் அடித்தவர்கள், ஃபைனலில் வாட்சன் 117 அடித்ததும் வாயை மூடிக்கொண்டார்கள்.

காரணம் எளிது. ஐபிஎல் ஃபைனல் ஒரே ஒரு மேட்ச். அமெரிக்க பேஸ்பாலில் சாம்பியன் ஆக, ஏழு மேட்ச் தொடரில் நாலை ஜெயிக்க வேண்டும். ஒரு நாள் அதிர்ஷ்டம் கைவிட்டாலும் மறுநாள் எழுந்து நிற்கலாம். அதனால்தான் அங்கே சரிவு என்றால் அது பெரிய விஷயம். 2004-ல் அப்போதே 26 கோப்பை வைத்திருந்த நியூயார்க் யாங்கீஸ், பாஸ்டன் ரெட் சாக்ஸுக்கு எதிராக 3-0 என்று முன்னிலை பெற்றுவிட்டு அடுத்த நாலையும் தோற்றது. ஒரு ராத்திரியின் தலைவிதி என்று அதைச் சொல்ல முடியாது. சென்னை 2019-ல் தோற்றதை அப்படித் தாராளமாகச் சொல்லலாம்.

அப்போ உண்மையான சரிவு எது?

2019-க்குப் பிறகு சென்னை முடித்த இடங்களை வரிசையாகப் பாருங்கள்: 2020-ல் 7-வது இடம், 2021-ல் சாம்பியன், 2022-ல் 9-வது, 2023-ல் சாம்பியன், 2024-ல் 5-வது, 2025-ல் 10-வது. பத்து அணிகளில் பத்தாவது!

2020-ல் முதல் முறையாக பிளே-ஆஃப் போகாதபோதே விரிசல் தெரிந்துவிட்டது. ஆனால் 2021 கோப்பை அதைப் பூசி மறைத்தது. 2022-ல் ஜடேஜா கேப்டன் ஆகி, சீசன் பாதியிலேயே பொறுப்பைத் தோனியிடம் திருப்பிக் கொடுத்த குழப்பத்தை 2023 கோப்பை மறக்கடித்தது. அகமதாபாத்தில் மழை, நள்ளிரவு தாண்டிய சேஸிங், கடைசி இரண்டு பந்தில் ஜடேஜாவின் 6, 4. அந்தக் கொண்டாட்டத்தில் யார் குறையைப் பேசுவார்கள்?

உப்பளத்திலும் கிட்டத்தட்ட இப்படித்தான். உவர்நீரை ஒரு பாத்தியிலிருந்து அடுத்ததற்கு விட்டு, வெயிலில் நாள் கணக்கில் வற்றவிட்டு, அடர்த்தி ஏறிய பிறகுதான் உப்பு விளையும். திடீர்க் கோடை மழை ஒரே ராத்திரியில் விளைந்ததைக் கரைத்துவிடும். அந்த இழப்பு எல்லார் கண்ணிலும் படும். மழை விட்டதும் மறுபடி ஆரம்பித்துவிடலாம். ஆனால் முதல் பாத்தியிலேயே அடர்த்தி சரியில்லை என்றால், கடைசிப் பாத்தியில் நின்று எவ்வளவு வாரினாலும் ஒன்றும் வராது. சென்னைக்கு 2019 கோடை மழை. 2025-ல் கோளாறு முதல் பாத்தியில்.

அந்தக் கோளாறு என்ன? ஒரு வார்த்தையில் சொன்னால், நம்பிக்கை. தெரிந்த ஆளை விடாமல் வைத்துக்கொள்வது, இரண்டு மேட்ச் சொதப்பினாலும் வாய்ப்புக் கொடுப்பது, 160-170 ரன் அடித்துவிட்டு சேப்பாக்கம் பிட்ச்சில் ஸ்பின்னை வைத்து மூச்சுத் திணற வைப்பது. பத்து வருடம் கோப்பை கொடுத்த ஃபார்முலா இதுதான். 2023-ல் இம்பாக்ட் பிளேயர் விதி வந்த பிறகு பேட்டிங்கே மாறிப்போனது. 2024-ல் ஹைதராபாத் ஒரே இன்னிங்ஸில் 287 அடித்தது. சென்னை மட்டும் பழைய கணக்கையே எழுதிக்கொண்டிருந்தது.

2025 மெகா ஏலத்துக்கு முன் தக்கவைத்த ஐந்து பேரில் ருதுராஜும் ஜடேஜாவும் தலா 18 கோடி. ஐந்து வருடம் சர்வதேச மேட்ச் ஆடாதவர் என்ற விதியில் தோனி 4 கோடி. ஏலத்தில் 38 வயது அஸ்வினுக்கு 9.75 கோடி. பழைய முகங்கள் திரும்பி வந்ததும் ரசிகர்களுக்கு சந்தோஷம்தான், அதை மறுக்க முடியாது. விலை என்னவென்று மார்ச் மாதம் தெரிந்தது.

சேப்பாக்கமே கைவிட்டபோது

அந்த சீசனில் சேப்பாக்கத்தில் ஆறு மேட்ச். மும்பையை ஜெயித்த பிறகு வரிசையாக ஐந்து தோல்வி. 2008-க்குப் பிறகு அங்கே சென்னையை ஜெயிக்காத பெங்களூரு 50 ரன்னில் ஜெயித்தது. ஒருமுறைகூட அங்கே சென்னையை ஜெயித்திராத ஹைதராபாத்தும் ஜெயித்தது. ஏப்ரல் 11-ல் கொல்கத்தாவுக்கு எதிராக சென்னை எடுத்தது 103. கொல்கத்தா அதை 10.1 ஓவரில் முடித்தது. சேப்பாக்கத்தில் ஹோம் அட்வான்டேஜ் என்று எதுவும் இல்லை, பிட்ச்சையே சரியாகக் கணிக்க முடியவில்லை என்று கோச் ஃப்ளெமிங் வெளிப்படையாகவே சொன்னார்.

சொந்த மண் இப்படித் திரும்பிக் கடிப்பது சேப்பாக்கத்துக்குப் புதுசில்லை. அதற்கு முன் தொடர்ந்து 14 வருடம் ரஞ்சிக் கோப்பையை வைத்திருந்த பம்பாயை 1972-73 ஃபைனலில் தமிழ்நாடு அதே மைதானத்தில் சந்தித்தது. பந்து தாறுமாறாகச் சுழன்ற பிட்ச். வெங்கட்ராகவன், வி.வி.குமார் என்று நம்மிடம் பெரிய ஸ்பின்னர்கள். பம்பாய் 151, 113 ரன்னில் சுருண்டது. ஆனால் நாம் எடுத்தது 80, 61. பம்பாயின் பத்மாகர் சிவால்கர் 13 விக்கெட்டை அள்ளினார். ஐந்து நாள் ஃபைனல் மூன்றாவது நாளின் முதல் பந்தோடு முடிந்துபோனது.

2025-ல் இன்னொரு வலியும் சேர்ந்துகொண்டது. அந்த 103 ரன் மேட்ச்சில் சென்னையின் இரண்டு விக்கெட்டை எடுத்தவர், தமிழ்நாட்டுக்கு ஆடும் வருண் சக்கரவர்த்தி. 2023 ஃபைனலில் சென்னைக்கு எதிராக 47 பந்தில் 96 அடித்தவர் சென்னைப் பையன் சாய் சுதர்சன். குஜராத் அவரை 2022-ல் வாங்கிய விலை வெறும் 20 லட்சம். அவர் 2025-ல் 759 ரன் அடித்து ஆரஞ்சு கேப் வாங்கினார். பக்கத்துத் தெருவில் விளைந்ததை விட்டுவிட்டு, ஏற்கெனவே ருசி பார்த்ததையே திரும்பத் திரும்ப வாங்கியிருக்கிறார்கள்.

காயத்தால் ருதுராஜ் விலகி, தோனி மறுபடி கேப்டனாகி, எல்லாம் கைமீறிப் போன பிறகுதான் 17 வயது ஆயுஷ் மாத்ரே, டெவால்ட் பிரேவிஸ், உர்வில் படேல் என்று ஆட்கள் உள்ளே வந்தார்கள். அடி விழ ஆரம்பித்தது. ஆனால் 14 மேட்ச்சில் ஜெயித்தது நாலுதான்.

அதே வருடம் நவம்பரில், வடகிழக்குப் பருவமழையில் மரக்காணத்து உப்புப் பாத்திகள் ஓய்ந்து கிடக்கும் சமயத்தில், சென்னை யாரும் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தது. 2023-ல் கடைசி இரண்டு பந்தை அடித்த ஜடேஜாவை, சாம் கரணோடு சேர்த்து ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு சஞ்சு சாம்சனை வாங்கியது. அடுத்த மாதம் நடந்த ஏலத்தில், இந்தியாவுக்கு ஒரு மேட்ச்கூட ஆடாத பிரசாந்த் வீருக்கும் கார்த்திக் சர்மாவுக்கும் தலா 14.20 கோடி. ஒருவர் உத்தரப்பிரதேசம், இன்னொருவர் ராஜஸ்தான். ஜடேஜாவின் மஞ்சள் ஜெர்சியை வாங்கி வைத்திருப்பவர்கள் அதை என்ன செய்வது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.