காற்றும் கட்சியும்

என்னிடம் தருக்கம் பயிலும் மாணவர்க்கு யான் அமெரிக்க உதைபந்தாட்ட வழக்கொன்றைக் கூறுவதுண்டு. அவ்வாட்டம் நாமறிந்ததன்று, நீள்வட்டப் பந்தைக் கையால் எறிந்தும் ஏந்தியோடியும் ஆடுவது.

2015ஆம் ஆண்டு சனவரி 18ஆம் நாள் நியூ இங்கிலாந்து பேற்றியற்ஸ் அணி, இந்தியனாபொலிஸ் கோல்ற்ஸ் அணியை 45–7 என வென்றது. அங்கே ஒவ்வோரணியும் தன் பந்துகளைத் தானே கொணரும். பந்தின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 12.5 இறாத்தலிற் குறைதலாகாது என்பது விதி. இடைவேளையில் அளந்தபோது வென்றவர் பந்துகள் அதனிற் குறைந்திருந்தன.

'தலையாய வீரர் ரொம் பிறேடி பற்றியெறிதற்கு எளிதாகக் காற்றை இறக்கினர். 2007இல் எதிரணியின் சைகைகளைப் படம்பிடித்துத் தண்டம் இறுத்த அணியன்றோ?' என்றனர் ஒரு சாரார். 'குளிரிலே அழுத்தம் தானே குறையும். மேலும், காற்று நிரப்பிய பின்னரன்றோ 28 புள்ளிகள் பெற்றனர்?' என்றனர் மறுசாரார். பௌதிகம் கற்று அணியைத் தேர்ந்தார் சிலர். அணியைத் தேர்ந்தபின் பௌதிகம் கற்றாரே பலர்.

பிறேடிக்கு நான்கு ஆட்டத் தடையும் அணிக்குப் பத்து இலட்சம் டொலர் தண்டமும் விதிக்கப்பட்டன. 2015இல் நீதிமன்றம் தடையை நீக்கியது. 2016இல் மேன்முறையீட்டு மன்றம் அதனை மீட்டது. பிறேடி தடையை ஏற்றார்.

ஆயினும் அடிப்படைக் குறையொன்றுண்டு. ஆட்டத்துக்கு முன் நடுவர் கண்ட அளவுகள் ஏட்டிலே பதியப்படவில்லை. முதலளவு இல்லாதவிடத்து எவ்வளவு குறைந்ததென எங்ஙனம் துணிவது? மாணவர்காள், அளவை இல்லாதவிடத்து அன்பும் பகையுமே அளவையாகிவிடுகின்றன. ஒருவனுடைய மானத்தை நிறுப்பதற்கு அவை ஏற்ற துலாக்கோல் அல்ல.