எல்லா மருந்தும் ஒரே பையில்

அப்பாவுக்கு நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றும் உண்டு. பலதுறை மருந்தகத்தில் கொடுத்தவை, முட்டிவலிக்கு வேறொரு கிளினிக்கில் வாங்கியவை, ஊரிலிருந்து வந்த பாகற்காய்ப் பொடி என மேசை நிறைய மருந்துகள். சென்ற மாதம் அனைத்தையும் ஒரே பையில் போட்டு மருந்தாளரிடம் கொண்டுபோனோம்.

அவர் முதலில் தனியே எடுத்துவைத்தது முட்டிவலி மாத்திரையான டைக்லோஃபினாக்கை. ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரிலும், உடம்பில் சேரும் நீரை வெளியேற்றும் மாத்திரையும் சாப்பிடுபவர் அதையும் சேர்த்தால், சிறுநீரகத்தின் வேலை திடீரெனக் குறைந்துபோகலாம். ஒவ்வொன்றும் தனியாக நல்ல மருந்துதான். ஆனால் எழுதித் தந்தவர்கள் வெவ்வேறு மருத்துவர்கள். மூன்றையும் சேர்த்துப் பார்த்தவர் யாருமில்லை. சிறுநீரகம் தளர்ந்தால் நீரிழிவுக்கான மெட்ஃபோர்மினின் அளவையும் குறைக்க வேண்டிவரும். பாகற்காய்ப் பொடியோ, நீரிழிவு மாத்திரையோடு சேர்ந்து சர்க்கரையை அளவுக்குமீறி இறக்கிவிடலாம்.

மருத்துவர் ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு, வலிக்குப் பாரசிட்டமோலும் தடவும் மருந்தும் தந்தார். நல்லவேளையாகச் சிறுநீரகத்துக்குப் பாதிப்பில்லை.

நாமாக எந்த மாத்திரையையும் நிறுத்தக்கூடாது. ஆண்டுக்கு ஒருமுறையாவது பையோடு போய்க் கேட்போம்: இது எதற்கு? இன்னும் தேவையா? மற்றவற்றோடு ஒத்துப்போகுமா?