வேலியோரப் பூக்கள் – 9: மனை காலியாக இருக்கும்வரை

சென்ற வாரம் எருக்கோடு நிறுத்தியிருந்தோம். மழை ஓய்ந்து மார்கழி வெயில் இதமாக விழுகிறது. இந்த வாரம் தாம்பரத்தைச் சுற்றி நடப்போம். சேலையூர், மாடம்பாக்கம், வண்டலூர் பக்கத்துக் காலி மனைகளில் மதில் எழும்பும்வரை பூக்கள் பெயரில்தான் பட்டா.

முதலில் கண்ணில் படுவது ஊதா நிறப் பட்டாசுக்காய்ச் செடி. விடியலில் மலரும் பூ பிற்பகலுக்குள் கொட்டிவிடும். வேடிக்கை காயில்தான். பழுப்பேறிக் காய்ந்த காயை எச்சில் தொட்டு உள்ளங்கையில் வையுங்கள். சற்றுப் பொறுத்தால் ‘டப்’பென்று இரண்டாகப் பிளந்து விதைகளை வீசும். தண்ணீர் பட்டால்தான் வெடிக்கும் என்பதால் விதை ஈர மண்ணில் விழுகிறது; நனைந்ததும் அதன்மேல் பசை ஊறி அங்கேயே ஒட்டிக்கொள்கிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வாயில் போட்டு வெடிக்கவிடுவார்கள். நாம் அந்த அளவுக்குப் போக வேண்டாம்.

இது அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த செடி. வெட்டுக்காயப் பூண்டும் உன்னியும் அப்படித்தான். உன்னி காட்டுக்குள் புகுந்தால் நானும் முகம் சுளிப்பேன். ஆனால் சாக்கடையோரத்தில் பட்டாம்பூச்சிக்குத் தேன் கொடுக்கும் வெட்டுக்காயப் பூண்டோடு எனக்கு என்ன வழக்கு?

நம்மூர்க்காரர் விஷ்ணுகிராந்தியைப் பார்க்கக் குந்தி உட்கார வேண்டும். சரளை மண்ணில் தரையோடு படரும் கொடி. சட்டைப் பொத்தானைவிடச் சிறிய நீலப் பூ. இலையெல்லாம் பட்டு ரோமம். உச்சி வெயிலுக்கு முன் மூடிக்கொள்ளும். காலை உணவுக்குப் பிறகு சாவகாசமாகக் கிளம்புகிறவர்களுக்கு அது தரிசனம் தராது.

இந்தப் பகுதிப் பூக்களுக்கு எழுத்தில் பதிவும் உண்டு. சென்னை நகரிலும் அதைச் சுற்றியும் பூக்கும் தாவரங்களைப் பற்றி பி.வி. மயூரநாதன் எழுதிய நூலைச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1929-இல் வெளியிட்டது. 1937-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. அடுத்த ஆண்டே அந்த நூலுக்கு ஒரு பின்னிணைப்பு வந்தது. எழுதியவர் அக்கல்லூரியின் எட்வர்ட் பார்ன்ஸ். அவர் வேதியியல் பேராசிரியர்! பூப் பார்க்கத் தாவரவியல் பட்டம் வேண்டும் என்று தயங்குகிறவர்கள் இவரை நினைத்துக்கொள்ளலாம்.

புதரோரம் தாமதமாகப் பூத்த செங்காந்தள் கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம். இலை நுனியே சுருண்டு வேலியைப் பற்றி ஏறும். மஞ்சளாக விரியும் இதழ் போகப்போகச் சிவக்கும். மாநில மலர்தான், ஆனாலும் செடி முழுக்க நஞ்சு. கிழங்கு உயிரையே வாங்கும். பறிக்காதீர்கள்.

மனைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். பொக்லைன் வைத்து வழிப்பதைத் தை முடியும்வரை தள்ளிப்போடுங்கள். அதற்குள் பெரும்பாலானவை விதை சிந்திவிடும். பாம்புக்குப் பயம் என்றால் நடைபாதையோரம் மட்டும் வெட்டினால் போதும்.