தலையாட்டாத தலை வேண்டும்!

தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை கொலுப்படியில் இருந்தால் வெகு அழகு. அதே சுபாவம் காமிரா ஸ்டாண்டின் தலைக்கு வந்துவிட்டால் என்ன ஆகும்? அதை நான் ரூ. 700 கொடுத்துத் தெரிந்துகொண்டேன். நேயர்களுக்கும் அந்தச் செலவு வேண்டாமே என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

சென்ற தை மாதம் கும்பகோணத்திலிருந்து அத்தை வந்திருந்தாள். கையில் ஒரு பழைய ஆல்பம். கறுப்புக் காகிதத்தில் பசை தடவி ஒட்டிய நாற்பது புகைப்படங்கள். பாட்டியைப் படமாகப் பார்க்க வேண்டுமானால் எங்கள் குடும்பத்தில் அந்த ஆல்பம் ஒன்றுதான் கதி. படங்களோ வருஷத்துக்கு வருஷம் மங்கிக்கொண்டே வருகின்றன.

"ஸ்டூடியோவில் விட்டுவிட்டு வர மாட்டேன். மிஷினில் கவிழ்த்துப் போட்டு அமுக்கவும் கூடாது, தையல் விட்டுவிடும். எடுப்பதானால் என் கண்ணெதிரில் எடுத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எனக்கு ரயில்" என்றாள் அத்தை.

வெள்ளிக்கிழமை காலை ஹாலில் ஜன்னலோரமாகக் கடை பரப்பினேன். பாட்டி புத்தகம் வைத்து வாசித்த சாய்வுப் பலகையில் ஆல்பம். அதற்கு எதிரே மூன்று கால் ஸ்டாண்டில் காமிரா. பளபளப்பான படத்தில் ஃபிளாஷ் அடித்தால் வெள்ளைப் பொட்டு விழும். அதனால் ஜன்னல் வெளிச்சமே போதும் என்று, ஒவ்வொரு படத்துக்கும் அரை விநாடி வைத்து எடுத்தேன். காமிராவின் சின்னத் திரையில் எல்லாம் பிரமாதமாகத்தான் தெரிந்தது.

ராத்திரி கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தபோது வயிற்றைக் கலக்கியது. நாற்பதில் ஒன்றுகூடத் தெளிவாக இல்லை. வெயிலில் நெற்றிக் குங்குமம் வழிந்த மாதிரி, எல்லா முகமும் கீழ்நோக்கி வழிந்திருந்தது. காமிரா நல்ல காமிரா. ஸ்டாண்டின் கால்களும் உறுதியானவை. குற்றவாளி, இரண்டுக்கும் நடுவே உட்கார்ந்திருந்த உருண்டைத் தலை. திருகி இறுக்கிய பிறகும் அது மெல்ல மெல்லக் குனிந்துகொண்டே இருந்திருக்கிறது.

"இந்த பால் ஹெட் சரியில்லை அத்தை. நாளைக்கு வேறு வாங்கி வருகிறேன்" என்றேன்.

"பால் ஹெட்டாவது, மோர் ஹெட்டாவது! அந்தக் காலத்தில் ஸ்டூடியோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு எடுத்தார். படம் அறுபது வருஷமாக நிற்கிறது. நீ எடுத்தது அரை நாள்கூட நிற்கவில்லையே!" என்றாள் அத்தை.

நியாயமான கேள்விதானே?

இது என்ன சாமான்?

உள்ளங்கையில் அடங்கும் ஓர் உலோகக் கிண்ணம். அதற்குள் ஓர் உலோக உருண்டை. உருண்டையின் மேலே சிறு கழுத்து. கழுத்தின் மேல் காமிராவைப் பிடித்துக்கொள்ளும் கவ்வி. பக்கத்தில் ஒரு திருகு. நம் தோளெலும்பு அதன் குழிக்குள் சுழல்கிறதல்லவா, அதே ஏற்பாடுதான். திருகைத் தளர்த்தினால் காமிராவை எந்தப் பக்கமும் திருப்பலாம். இறுக்கினால் அப்படியே நிற்கும்; நிற்க வேண்டும்!

இதற்குப் போட்டியாக இன்னொரு ரகம் உண்டு. மேலும் கீழும் சாய்க்க ஒரு கைப்பிடி, பக்கவாட்டில் சாய்க்க ஒன்று, சுற்றித் திருப்ப ஒன்று என்று மூன்று இருக்கும். ஆல்பம் எடுப்பது ஒன்றுதான் வேலை என்றால், கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திச் சரிசெய்ய அதுவே சௌகரியம். ஆனால் அது பருமன். கைப்பிடிகள் பைக்குள் அடங்காமல் முட்டும். கொலு, குழந்தையின் பிறந்தநாள், கோயில் குளம் என்று எல்லாவற்றுக்கும் ஒரே சாமான் போதும் என்று நினைக்கும் வீட்டுக்கு உருண்டைத் தலைதான் ஏற்றது.

எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள்

நான் முதலில் வாங்கிய தலையின் பெட்டியில் "8 கிலோ தாங்கும்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. என் காமிராவும் லென்ஸும் சேர்ந்து ஒரு கிலோகூட இல்லை. பிறகு ஏன் குனிந்தது?

தாங்குவது வேறு, அசையாமல் பிடிப்பது வேறு. தண்ணீர்க் குடத்தைத் தலையில் சுமப்பவளிடம் அதே குடத்தைக் கை நீட்டிப் பிடிக்கச் சொல்லிப் பாருங்கள்! காமிரா நேராக உட்கார்ந்திருந்தால் எடை நேரே கீழே இறங்கிவிடும். முன்பக்கம் சாய்ந்தாலோ லென்ஸின் கனம் கை நீட்டிய குடம் மாதிரி உருண்டையைத் திருகப் பார்க்கும். அதைத் தடுப்பது உருண்டைக்கும் கிண்ணத்துக்கும் இடையே உள்ள உராய்வு மட்டுமே. பெட்டியில் போடும் கிலோ கணக்கை எப்படி அளப்பது என்பதற்கு எல்லாக் கம்பெனிகளும் ஒப்புக்கொண்ட பொது முறை கிடையாது. எனவே ஒரு கம்பெனியின் 8 கிலோவும் இன்னொரு கம்பெனியின் 8 கிலோவும் ஒன்றல்ல.

அந்த எண்ணைவிட உருண்டையின் குறுக்களவைக் கேளுங்கள். உருண்டை பெரிதானால் உராய்வு மையத்திலிருந்து தள்ளி வேலை செய்கிறது, பிடிப்பும் கூடுகிறது. நீளப் பிடியுள்ள ஸ்பானரால் நட்டை எளிதாக இறுக்குகிறோமே, அந்தத் தத்துவம்தான். செல்போனுக்கும் சின்னக் காமிராவுக்கும் 28 மில்லிமீட்டர் உருண்டை போதும். வீடுகளில் உள்ள சாதாரணக் காமிராவுக்கு 36 மில்லிமீட்டர் சுமாராகச் சரியாக இருக்கும். பறவை பிடிக்கும் பெரிய லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு 44-ம் அதற்கு மேலும் வேண்டும். அவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது.

கடையில் ஐந்து நிமிஷம்

சனிக்கிழமை காலை கடைக்குப் போகும்போது பெட்டியை நம்பக்கூடாது என்ற ஞானத்தோடு, என் காமிராவையும் ஸ்டாண்டையும் கையோடு எடுத்துப் போனேன். கடைக்காரர் முகம் சுளிக்கவில்லை. "இப்படி வந்து பார்த்து வாங்கினால் திரும்பி வந்து சண்டை போட மாட்டீர்கள் அம்மா" என்றார். நான் அங்கே செய்த சோதனைகள் இவை:

முதலாவது, குனிகிறதா என்ற சோதனை. காமிராவைப் பாதி கீழ்நோக்கிச் சாய்த்து, எதிரே ஏதாவது ஒரு எழுத்தைத் திரையின் நடுவில் வைத்து, திரையைப் பெரிதாக்கிக்கொள்ள வேண்டும். திருகை இறுக்கிக் கையை எடுக்க வேண்டும். எடுத்த கணத்தில் எழுத்து இலேசாக நகர்ந்தால் பாதகமில்லை. மலிவான தலைகளில் அது சகஜம், அதற்கேற்பக் கொஞ்சம் மேலே வைத்து இறுக்கிப் பழகிவிடலாம். ஆனால் ஒரு நிமிஷம் கழித்துப் பார்க்கும்போதும் நகர்ந்துகொண்டே இருந்தால், வணக்கம் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இரண்டாவது, திருகு. விரலுக்கு அடங்குகிறதா? ஊறுகாய் ஜாடியைத் திறக்க வீட்டுக்காரரைக் கூப்பிடுவது போல், இதை இறுக்க ஆள் தேட வேண்டியிருந்தால் பிரயோஜனமில்லை. இறுக்கிய பிறகு காமிராவை இலேசாக அசைத்துப் பாருங்கள். கடகடவென்று ஆட்டம் இருக்கக்கூடாது.

மூன்றாவது, தளர்த்தும்போது என்ன ஆகிறது? ஒரே திருகு உள்ள தலையைத் தளர்த்தினால் காமிரா தூங்கி விழுபவர் மாதிரி தொப்பென்று சாயும். விரல் நடுவில் அகப்பட்டால் கண்ணில் தண்ணீர் வரும். கொஞ்சம் கூடக் கொடுத்தால், இழுவையை வைத்துக்கொள்ளத் தனித் திருகு உள்ள தலை கிடைக்கும். பெரிய திருகை முழுதும் தளர்த்தினாலும் காமிரா விழாமல் கனமாக நகரும். அந்தத் திருகு அவசியம் வேண்டும் என்பேன். அது இருந்தாலும், இடது கையால் காமிராவைப் பிடித்துக்கொண்டே தளர்த்துங்கள்.

நான்காவது, அடிப்பாகம் தனியாகச் சுழல்கிறதா? கிண்ணத்தின் கீழே இன்னொரு சிறு திருகு இருந்தால், காமிராவின் சாய்வு மாறாமல் பக்கவாட்டில் மட்டும் திருப்பலாம். ஒன்பது படிக் கொலுவை இரண்டு மூன்று படமாக எடுத்துச் சேர்க்க விரும்புகிறவர்களுக்கு இது உதவும்.

ஐந்தாவது, காமிராவின் அடியில் பொருத்தும் தகடு. "ஆர்க்கா ஸ்விஸ்" என்ற வடிவத்தில், சுமார் 38 மில்லிமீட்டர் அகலத்தில், இரு ஓரமும் சரிந்து இருக்கும் தகடே இப்போது பரவலாகக் கிடைக்கிறது. தொலைந்தாலும் வேறு கம்பெனித் தகடு வாங்கிக்கொள்ளலாம். வேறு வடிவத் தகடுகள் உள்ள நல்ல தலைகளும் உண்டு. ஆனால் அவற்றுக்கு அந்தந்தத் தகட்டைத்தான் தேடிப் போக வேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி அகலத்தில் நூலிழை வித்தியாசம் இருப்பதால், நெம்புகோலால் மூடும் கவ்வியைவிடத் திருகி மூடும் கவ்வி எல்லாத் தகட்டையும் அனுசரித்துப் போகும். நாத்தனார்களை அனுசரித்துப் போகும் மருமகள் மாதிரி!

வாங்குமுன் ஒரு வார்த்தை

உங்கள் ஸ்டாண்டின் பழைய தலை கழன்று வருமா என்று முதலில் பாருங்கள். மலிவான ஸ்டாண்டுகள் பலவற்றில் தலையும் காலும் பிரிக்க முடியாத தம்பதிகள். அவற்றுக்குப் புதுத் தலை வாங்கிப் பயனில்லை. கழலும் என்றால் ஆணியின் அளவைப் பாருங்கள். பெரிய ஸ்டாண்டுகளில் 3/8 அங்குலம், சிறியவற்றில் 1/4 அங்குலம் இருக்கும். இரண்டும் பொருந்தாவிட்டால், நடுவே போடும் சிறிய மரை வளையம் ஒன்று சொற்ப விலைக்குக் கிடைக்கும்.

விலைக்கு எல்லையே இல்லை. ஆயிரத்துக்குள்ளும் தலை உண்டு. அரைப் பவுன் நகை வாங்கும் பணத்துக்கும் உண்டு. நான் கடைசியில் எடுத்தது 36 மில்லிமீட்டர் உருண்டை, மூன்று திருகு, ஆர்க்கா தகடு, விலை ரூ. 2,800. அதற்குப் பாதி விலையில் இருந்த ஒன்று முதல் சோதனையிலேயே தோற்றது. இரட்டிப்பு விலையில் இருந்ததோ வழவழவென்று சுழன்றது. ஆனால் இறுக்கி நிறுத்திய பிறகு, ரூ. 2,800 தலைக்கும் அதற்கும் என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. நாம் கொடுக்கும் காசு நிற்பதற்குத்தானே?

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு விஷயம். தலை இறுகிப் போகிறதே என்று தையல் மிஷின் எண்ணெயை விட்டுவிடாதீர்கள்! உராய்வினால் நிற்கும் சாமான் இது. எண்ணெய் பட்டால் வழுக்கும். உலர்ந்த துணியால் துடைத்தாலே போதும். கடற்கரைக்குக் கொண்டுபோனால் மணல் உள்ளே புகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு மணல்துகள் உருண்டையில் கீறல் போட்டுவிடும்.

சனிக்கிழமை மத்தியானம்

புதுத் தலையோடு மறுபடி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். இந்தத் தடவை கடைக்காரர் சொல்லிக் கொடுத்த ஒரு யுக்தியையும் செய்தேன். ஆல்பத்தின் பக்கத்தின் மேல் ஒரு சின்ன முகம் பார்க்கும் கண்ணாடியைப் படிய வைத்து, காமிரா வழியாகப் பார்க்க வேண்டும். லென்ஸின் பிம்பம் திரையின் நட்டநடுவில் தெரிந்தால், காமிரா படத்துக்கு நேராக இருக்கிறது என்று அர்த்தம். கண்ணாடியை எடுத்துவிட்டு, பொத்தானை அழுத்திய இரண்டு விநாடி கழித்துப் படம் விழும்படி வைத்தேன். கைநடுக்கமும் சேராது.

மாலை வெளிச்சம் போவதற்குள் நாற்பதும் முடிந்தன. ராத்திரி கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கினேன். அத்தை பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

1964-ல் பெரியத்தை கல்யாணத்தில் எடுத்த படம் வந்தது. வாசல் பந்தலில் பாட்டி நிற்கிறாள். ஆல்பத்தில் அவள் முகம் கட்டைவிரல் நகத்தளவுதான். திரையில் பெரிதாக்கியதும் புடவைக் கரையின் கட்டங்கள்கூடத் தெரிந்தன. அத்தை திடீரென்று என் கையைப் பிடித்தாள்.

"நிறுத்து, நிறுத்து. அந்த இடது கையைக் காட்டு."

காட்டினேன். மணிக்கட்டுக்கு மேலே வெள்ளையாக ஒரு துணிக்கட்டு.

"முதல் நாள் ராத்திரி சீர் முறுக்குச் சுடும்போது எண்ணெய் தெறித்துவிட்டது. கல்யாணம் முடிகிற வரைக்கும் ஒருத்தரிடமும் சொல்லவில்லையடி அம்மா. கட்டை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டே பந்தி பரிமாறினாள். எனக்கே மறந்து போய்விட்டது, பார்" என்றாள் அத்தை. சற்று நேரம் பேசவில்லை.

முதல் நாள் எடுத்த படத்தில் அந்தக் கட்டு இல்லை. அது புடவையோடு வழிந்து கரைந்து போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எழும்பூரில் ரயில் கிளம்பும் சமயம் அத்தை ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "உன் மோர் ஹெட்டைப் பத்திரமாக வைத்துக்கொள். அடுத்த தடவை உங்கள் பெரியத்தையின் ஆல்பத்தையும் கொண்டுவருகிறேன்" என்றாள்.

வைத்திருக்கிறேன், கொலுப் பொம்மைகள் இருக்கும் அதே பீரோவில், தலையாட்டிப் பொம்மைக்குச் சற்றுத் தள்ளி.