வீட்டு பியூசும் மின்நிலைய ரிலேயும்

கேமரன் மலையில், பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜா செல்லும் சாலையில் அமைந்த சிற்றூர் திரிங்காப். அருகில் காய்கறித் தோட்டங்கள்; அப்பால் தேயிலைச் சரிவுகள். இத்தகைய மலைப்பகுதிகளில் இடியுடன் மழை பொழியும்போது விளக்குகள் அணைந்து, ஓரிரு நொடிகளில் தாமாகவே மீண்டும் எரிவதுண்டு. தாழ்நிலத்து ரப்பர்த் தோட்டங்களில் வாழ்வோரும் இதனைக் கண்டிருப்பர். “கரண்டு போய் வந்தது” என்று கூறிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கிறோம். அந்த ஓரிரு நொடிகளுக்குள் நடப்பது யாது?

மின்னல் தாக்கியதும் மின்கம்பியைத் தாங்கும் பீங்கானின் மேற்பரப்பில் தீப்பொறி பாய்ந்து, அதன் வழியே மின்சாரம் கம்பத்துக்கும் நிலத்துக்கும் ஒழுகத் தொடங்குகிறது. மின்னல் கணத்தில் மறைந்தாலும் பொறி அணைவதில்லை. கம்பியிலுள்ள மின்சாரமே அதனை வளர்க்கிறது. இந்த மிகை மின்னோட்டத்தை ரிலே என்னும் காவற்கருவி உணர்ந்து, பிரேக்கர் எனப்படும் மின்முறிப்பானுக்கு ஆணையிடுகிறது. முறிப்பான் திறந்ததும் பொறி அணைகிறது. சற்றுப் பொறுத்து முறிப்பான் தானே மூடிக்கொள்ள, விளக்குகள் மீண்டும் எரிகின்றன. கம்பி மீது மரம் சாய்ந்து கிடந்தாலோ பழுது நீங்காது. அப்போது முறிப்பான் மறுபடியும் திறந்து, ஆட்கள் வந்து சீர்செய்யும்வரை திறந்தே இருக்கும்.

ரிலே தானாக மின்சாரத்தை வெட்டுவதில்லை என்பதை இங்கு நினைவிற் கொள்ளல் வேண்டும். பால் வெட்டும்போது பட்டையின் ஆழத்தைக் கணிப்பது கண், வெட்டுவது கை. அவ்வாறே கணிப்பது ரிலே, வெட்டுவது முறிப்பான். பழைய ரிலேக்களில், மின்மானியில் சுழல்வதைப் போன்ற அலுமினியத் தட்டு ஒன்று இருந்தது. மின்னோட்டம் மிகுந்தால் அது விரைந்து சுழன்று ஆணையைப் பிறப்பிக்கும். சற்றே மிகுந்தால் மெல்லச் சுழலும். இன்று அவ்வேலையை மின்னணுக் கருவிகள் நொடியின் நூற்றில் சில பங்குக்குள் முடிக்கின்றன.

கேமரன் மலைக்கு இக்காவல் புதிதன்று. 1960களின் முற்பகுதியிலேயே தெலோம் ஆற்று நீரை மலைகுடைந்த சுரங்கவழியே பெர்த்தாம் பள்ளத்தாக்குக்குத் திருப்பி, ரிங்லெட்டில் சுல்தான் அபு பக்கார் அணையில் தேக்கி, பேராக் பக்கமாக இறக்கி மின்சாரம் எடுக்கும் திட்டம் நிறைவேறியது. நிலத்தடியில் அமைந்த ஜோர் நிலையம் 100 மெகாவாட்டும், அதற்குக் கீழுள்ள வோ நிலையம் 150 மெகாவாட்டும் தரவல்லவை. இத்தகைய நிலையங்களில் உள்ள ஒவ்வோர் இயந்திரத்துக்கும், டிரான்ஸ்பார்மருக்கும், கம்பித்தடத்துக்கும் தனித்தனி ரிலே காவல் உண்டு. அவற்றுள் ஒன்று வியப்புக்குரியது. எண்ணெய் நிரம்பிய டிரான்ஸ்பார்மருக்குள் பழுது தோன்றின் எண்ணெய் வெந்து வாயுக்குமிழிகள் எழும். அவை மேலே சேரச் சேர அங்குள்ள மிதவை தாழ்ந்து எச்சரிக்கை மணியை ஒலிக்கச் செய்யும். பூகோல்ஸ் என்னும் ஜெர்மானியர் 1921இல் கண்ட இவ்வழி இன்றும் பயன்படுகிறது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். மின்நிலையத்தில் ரிலேயும் முறிப்பானும் சேர்ந்து செய்வதை வீட்டில் ஒரு சிறு பியூஸ் கம்பி தன்னைத்தானே அழித்துக்கொண்டு செய்கிறது. மின்னோட்டம் இரு மடங்கானால் கம்பியில் பிறக்கும் வெப்பம் நான்கு மடங்காகும். சுவருக்குள் ஓடும் கம்பி அவ்வெப்பத்தால் உறை கருகித் தீப்பற்றும் முன்னர், மெல்லிய பியூஸ் உருகி அறுந்துவிடுகிறது. பழைய பீங்கான் கட்டைகளில் 5 ஆம்பியருக்குரிய கம்பியின் தடிமன் 0.2 மில்லிமீட்டர், 15 ஆம்பியருக்கு 0.5, 30 ஆம்பியருக்கு 0.85. இவ்வெண்களைச் சிறிது கவனித்தல் நலம். 5 ஆம்பியர்க் கம்பி இருந்த இடத்தில் 30 ஆம்பியர்க் கம்பியைக் கட்டினால், பதினெட்டு மடங்கு உலோகத்தை அங்கு வைத்தவராவோம். சிலர் ஆணியைச் செருகுவர். சிலர் சிகரெட் டப்பாவின் வெள்ளித்தாளைச் சுற்றுவர். அப்போது உருகவேண்டியது உருகாது. வீட்டுக் கம்பியே பியூசாகி எரியும். பலகைச் சுவரும் பொதுக் கூரையும் கொண்ட லயன் வீடுகளில் ஒரு வீட்டில் பற்றிய தீ அவ்வீட்டோடு நிற்பதில்லை.

அளவு மிகுந்தால் கேடு என்பது எவர்க்கும் விளங்கும். அளவு குறைந்தாலும் கேடே. 1965 நவம்பர் 9ஆம் நாள் மாலை, கனடாவில் நயாகரா அருகிலுள்ள சர் ஆடம் பெக் மின்நிலையத்தில் ஒரு ரிலே ஒரு கம்பித்தடத்தை வெட்டியது. அங்குப் பழுது ஏதும் இல்லை. அத்தடம் தாங்கவல்ல சுமையைவிட மிகத் தாழ்வாக அந்த ரிலே சில ஆண்டுகளுக்கு முன் அமைக்கப்பட்டிருந்தது. பின்னர் வளர்ந்த சுமைக்கேற்ப அது மாற்றப்படவில்லை. வெட்டப்பட்ட தடத்தின் சுமை மற்ற நான்கு தடங்களின் மீது விழ, அவையும் சில நொடிகளில் அறுந்தன. நியூயார்க் நகரம் உட்பட, ஏறத்தாழ மூன்று கோடி மக்கள் இருளில் மூழ்கினர். நம் நாட்டிலும் 1996 ஆகஸ்ட் 3ஆம் நாள், திரெங்கானுவின் பாக்கா மின்நிலையப் பகுதியில் ஒரு தடம் துண்டிக்கப்பட்டதைத் தொடர்ந்து தீபகற்பம் முழுவதும் பல மணி நேரம் மின்சாரமின்றித் தவித்தது.

ஆகவே பழுதுற்ற இடத்துக்கு மிக அருகிலுள்ள காவலே முதலில் வெட்டவேண்டும். மேலுள்ளது சற்றுப் பொறுத்திருக்க வேண்டும். ஒரு டிவிஷனில் எழுந்த பூசலை அந்த டிவிஷன் கங்காணியே தீர்க்க வேண்டுமன்றி, அதற்காகத் தோட்டம் முழுவதையும் நிறுத்துவதில்லை அல்லவா? இஸ்திரிப் பெட்டியின் பழுதுக்கு அதன் பிளக்கிலுள்ள 13 ஆம்பியர் பியூஸ் போகவேண்டும். அது போகாவிடின் வீட்டு பியூஸ். அதுவும் போகாவிடின் லயன் முழுவதற்கும் உரிய பியூஸ். நாம் தடித்த கம்பியைக் கட்டுகையில் இவ்வரிசையைக் குலைத்து, அண்டை வீட்டாரையும் இருட்டில் தள்ளுகிறோம்.

ரப்பர் ஆலையில் உருளைகளை ஓட்டும் மோட்டாருக்கு வேறொரு காவல் உண்டு. மோட்டார் புறப்படும்போது இயல்பைப்போல ஐந்தாறு மடங்கு மின்சாரத்தைச் சில நொடிகள் இழுக்கும். இதனைப் பொறுத்து, நெடுநேரச் சுமையை மட்டும் தடுப்பது ஓவர்லோட் ரிலே. இரு உலோகங்கள் ஒட்டிய தகடு சூடேறி வளைவதே அதன் உத்தி. அது நிறுத்தியவுடன் பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்துவோர் உளர். உருளையில் ரப்பர் சிக்கியிருப்பின் மோட்டார்ச் சுருள் கருகும். சிக்கலை நீக்கிய பின்னரே பொத்தானைத் தொடவேண்டும். வீட்டிலும் அவ்வாறே: மெயின் சுவிட்சை அணைத்து, பழுதுற்ற சாமானைக் கழற்றிய பின்னரே பியூசை மாற்றுதல் வேண்டும்.

இறுதியாக ஒன்று. பியூஸ் காப்பது கம்பியை, மனிதரை அன்று. 5 ஆம்பியர் என்பது 5,000 மில்லி ஆம்பியர். மனித உயிரைப் பறிக்க அதில் நூற்றில் ஒரு பங்கே போதும். ஆதலால்தான் ஆர்.சி.சி.பி. எனும் கருவி வீட்டு மின்பெட்டியில் பொருத்தப்படுகிறது. போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமா என அஃது ஓயாது ஒப்புநோக்கும்; 30 மில்லி ஆம்பியர் அளவினதாயின், அவ்வளவு மின்சாரம் நிலத்துக்கு ஒழுகுமுன்னரே வெட்டிவிடும். அதன் முகப்பில் “டி” என்னும் எழுத்துடன் சிறு பொத்தான் ஒன்று இருக்கும். மாதம் ஒருமுறை அதனை அழுத்துக. விசை உடனே கீழே விழுதல் வேண்டும். விழாவிடின் கருவி பழுதுற்றது என அறிந்து, உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைத்து அன்றே மாற்றுக.