முதலில் மிதக்கட்டும்

அவலூர்பேட்டைப் பக்கம் வற்றாத ஆறு எதுவும் கிடையாது. கடலைப் பார்க்க மரக்காணத்துக்கோ புதுச்சேரிக்கோ பஸ் ஏற வேண்டும். மணிலாக் கொல்லையும் பாறைக்குன்றுமாகக் கிடக்கிற இந்த மேல்மலையனூர், செஞ்சி வட்டாரத்தில் தண்ணீரில் மூழ்கிச் சாவதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கலாம். தண்ணீர் அபூர்வமாக இருப்பதுதான் இங்கே அபாயம். வருஷம் முழுக்க ஆற்றோரம் வளர்கிற பிள்ளைக்கு எங்கே கால் வைக்கலாம், எங்கே கூடாது என்பது நடக்கப் பழகும்போதே தெரிந்துவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் ஏரி ரொம்பிக் கோடி போனால் ஊரே வேடிக்கை பார்க்கக் கரைக்கு வருகிற இடத்தில், அந்தப் பழக்கம் வருவதற்கு வழியே இல்லை. போன மழைக்கு அரை ஏரி, அதற்கு முந்தின வருஷம் வெறும் தரை. இந்த வருஷம் தண்ணீரைக் கண்ட பிள்ளைகள் இறங்கிவிடுகிறார்கள்.

இந்தப் பக்கத்துப் பெரியவர்களுக்கு நீச்சல் தெரியாமல் இல்லை. அவர்கள் கற்றது கிணற்றில். பாறையை வெட்டி இறக்கிய பெரிய கிணறு, பக்கத்தில் மோட்டார் கொட்டகை, இறங்கப் படி. பையனின் முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையையோ கல்யாண முருங்கைக் கட்டையையோ கட்டி, இடுப்பில் கயிறு போட்டு, சித்தப்பாவோ மாமாவோ மேலே நின்று பிடித்துக்கொள்வார். பத்துப் பதினைந்து நாளில் குடுக்கை கழன்றுவிடும், கயிறும் கழன்றுவிடும். அப்படிக் கற்றவர்களில் பெண்பிள்ளைகள் மிகக் குறைவு. பிறகு ஆழ்துளைக் கிணறு வந்தது. திறந்த கிணறு ஒவ்வொன்றாக வறண்டு குப்பைக் குழியாகவும் முள் மண்டியும் போயிற்று. கிணற்றோடு அந்தக் கல்வியும் போயிற்று. ஆனால் மழை பெய்தால் அதே கிணற்றில், கைப்பிடிச் சுவர் இல்லாமலே, தண்ணீர் ஏறுகிறது.

ஏரியும் பழைய ஏரி இல்லை. முன்பு ஏரித் தரை சரிவாகப் போகும். முழங்கால், தொடை, இடுப்பு என்று ஆழம் படிப்படியாகக் கூடும். பயந்தவன் திரும்பிவிடலாம். வயலுக்கென்று வண்டலும் செங்கல்லுக்கென்று மண்ணும் பொக்லைன் வைத்து அள்ளிய ஏரிகளில் முழங்கால் தண்ணீருக்கு அடுத்த அடியே ஆள் ஆழமாக இருக்கிறது. விளிம்பு களிமண், கால் வழுக்கினால் பிடித்து ஏற எதுவும் இல்லை. தண்ணீர் நிறைந்த பிறகு மேலே இருந்து பார்த்தால் குழி எங்கே என்று எவருக்கும் தெரியாது, குழி வெட்டியவருக்கும் தெரியாது. கைவிட்ட கல்குவாரி இன்னும் மோசம். நாலு பக்கமும் செங்குத்துப் பாறை, பச்சையாகத் தெளிந்த தண்ணீர். இறங்கத் தூண்டும், ஏற விடாது. தார்ப்பாய் விரித்த பண்ணைக்குட்டையில் வளர்ந்த ஆளே வழுக்கி ஏற முடியாமல் திணறுவார்.

உலக சுகாதார நிறுவனம் 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை, 2021-ல் மட்டும் உலகில் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாகக் கணக்கிடுகிறது. அதில் ஏறக்குறைய கால் பங்கு ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகள். இந்தியாவில் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் ஆண்டுக்கு 30,000-க்கும் மேற்பட்டோர். இவ்வளவு பெரிய சாவுக்கு நம் ஊரில் சொல்லப்படும் காரணம் 'விதி' என்ற ஒன்றுதான். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எப்படி நடக்கிறது என்று பார்த்தால், எங்கே தடுக்கலாம் என்பதும் தெரிகிறது.

மூன்று சம்பவங்களை எடுத்துக்கொள்வோம். மூன்றுமே நமக்குப் பக்கத்தில் நடந்தவை. 2022 ஜூன் 5 அன்று கடலூர் மாவட்டம் நெல்லிக்குப்பம் அருகே கெடிலம் ஆற்றுத் தடுப்பணையில் குளிக்கப் போன சிறுமிகளும் இளம்பெண்களுமாக 7 பேர் இறந்தார்கள். 2023 பிப்ரவரி 15 அன்று கரூர் மாவட்டம் மாயனூரில், கால்பந்து ஆடிவிட்டுக் காவிரியில் இறங்கிய புதுக்கோட்டை மாவட்டம் பிலிப்பட்டி அரசுப் பள்ளி மாணவிகள் 4 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு ஏப்ரல் 5 அன்று சென்னை மூவரசம்பட்டு குளத்தில் தீர்த்தவாரியின்போது இளம் அர்ச்சகர்கள் 5 பேர் இறந்தார்கள். ஆறு, அணை, குளம் என்று இடம் வேறு வேறு. நடந்தது ஒன்றுதான்: ஒருவர் ஆழத்துக்குப் போனார், அவரைப் பிடிக்க அடுத்தவர் கை நீட்டினார், அவரைப் பிடிக்க அதற்கடுத்தவர். அந்த ஏழு பேரில், நாலு பேரில், ஐந்து பேரில் முதலில் தத்தளித்த ஒருவருக்கு மட்டும் மல்லாந்து மிதக்கத் தெரிந்திருந்தால், பின்னால் போனவர்கள் போயிருக்கவே வேண்டாம். நீச்சல் வீரர்கள் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் மூச்சு விட்டுக்கொண்டு தண்ணீர்மேல் கிடக்கத் தெரிந்தவர்கள் வேண்டும். அந்த நேரத்துக்குள் கரையில் இருப்பவர் கயிறு தேடிவிடலாம்.

மூழ்குகிறவர் கத்துவார், கையை ஆட்டி உதவி கேட்பார் என்று சினிமா பார்த்து நினைத்துக்கொண்டிருக்கிறோம். நியூயார்க்கில் ஆர்ச்சர்ட் பீச் என்ற கடற்கரையில் உயிர்காப்பாளராக இருந்த பிராங்க் பியா 1970-களில் உண்மையான மீட்புக் காட்சிகளைப் படம் பிடித்து ஆராய்ந்தார். மூழ்குகிறவருக்குக் கத்த முடிவதில்லை. வாய் தண்ணீருக்கு மேலே வரும் கணத்தில் மூச்சு இழுக்கவே நேரம் போதாது. கைகள் பக்கவாட்டில் நீண்டு தண்ணீரை அழுத்துகின்றன, உடம்பு செங்குத்தாக நிற்கிறது, கால் உதைப்பதில்லை. 20 வினாடியிலிருந்து 60 வினாடிக்குள் எல்லாம் முடிகிறது. பத்தடி தள்ளித் துணி துவைத்துக்கொண்டிருக்கும் அம்மாவுக்குச் சத்தமே கேட்காது. பிள்ளை சத்தமில்லாமல் இருக்கிறதே என்று தோன்றினால் அந்தக் கணமே திரும்பிப் பார்க்க வேண்டும்.

மனித உடம்பு மிதக்கக்கூடியதுதான். நெஞ்சு நிறையக் காற்று இருக்கும்போது நம் உடம்பு, அதே அளவுத் தண்ணீரைவிடச் சற்றே இலேசானது. அந்தச் 'சற்றே' என்பது நூறில் இரண்டு மூன்று பங்குதான். உடம்பில் அவ்வளவு மட்டுமே தண்ணீருக்கு மேல் நிற்கும். அது முகமாக இருந்தால் பிழைக்கலாம். கையைத் தூக்கினால் கை மேலே நிற்கும், வாய் கீழே போகும். தலையை நிமிர்த்திக் கரையைப் பார்க்க முயன்றால் இடுப்பு இறங்கும், பின்னாலேயே எல்லாம் இறங்கும். விஷயத்தின் சூட்சுமம் முழுக்க இதற்குள் இருக்கிறது: பயம் நம்மைச் செய்யச் சொல்கிற ஒவ்வொன்றும் நம்மை மூழ்கடிக்கிறது. அதனால்தான் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது போதாது. சைக்கிள் போல உடம்பு பழகியிருக்க வேண்டும்.

பழக்கும் விதம் சிக்கலானதில்லை. பிள்ளையின் இடுப்பளவுத் தண்ணீர். பெரியவரின் ஒரு கை பிடரிக்குக் கீழே, ஒரு கை முதுகுக்குக் கீழே. காது இரண்டும் தண்ணீருக்குள் போக வேண்டும். நிறையப் பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். அவசரப்படுத்தக் கூடாது. மோவாய் மேலே, பார்வை வானத்தில், வயிறு மேலே. மூச்சை நிறைய இழுத்து, கொஞ்சம் வைத்திருந்து, சட்டென்று விட்டு, உடனே மறுபடி இழுக்க வேண்டும். ஒல்லியான பையன்களுக்குக் கால் கீழே தொங்கும், தொங்கட்டும். உள்ளங்கைகளை இடுப்போரம் மெல்ல அசைத்தால் போதும். முதுகிலிருக்கும் கையை எடுக்கிறோம், பிறகு பிடரிக் கையை. அடுத்து, குப்புற விழுந்த நிலையிலிருந்து மல்லாந்து புரளப் பழக்க வேண்டும், ஏனென்றால் யாரும் மல்லாந்து விழுவதில்லை. கடைசியாக உடுத்திய துணியோடு. சுடிதாரும் துப்பட்டாவும் போட்ட பெண், குளிக்கும் உடையில் மட்டும் மிதக்கப் பழகி என்ன பயன்?

அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் கல்லூரியில் பிரெட் லானூ என்ற பயிற்சியாளர் வேறொரு முறை கற்பித்தார். முகத்தைத் தண்ணீருக்குள் போட்டுக் குப்புறத் தொங்கிக்கொண்டு, மூச்சு வேண்டும்போது மட்டும் தலையைத் தூக்குவது. மாணவர்களைக் கையையும் காலையும் கட்டித் தண்ணீரில் விட்டுத் தேர்வு வைத்தார்கள். பல மணி நேரம் தாக்குப்பிடிக்க அது நல்ல வழி. ஆனால் எட்டு வயதுப் பிள்ளைக்கும் அதன் அம்மாவுக்கும் முதல் பாடமாக நான் அதைச் சொல்லமாட்டேன். முகம் மேலே இருந்தால் மூச்சு தானாக வருகிறது. பயம் பாதி அப்போதே போய்விடுகிறது. பிரிட்டனின் உயிர்காப்புப் படகு அமைப்பும் 'பிழைக்க மிதந்திரு' என்று பொதுமக்களுக்குச் சொல்வது மல்லாந்து மிதப்பதைத்தான். அது குளிர்ந்த கடலுக்காகச் சொன்னது. முதல் ஓரிரு நிமிஷப் பதற்றம் அடங்கும்வரை எதுவும் செய்யாமல் கிட என்ற அறிவுரை கல்குவாரிக்கும் பொருந்தும்.

நமக்கு நெருக்கமான முன்மாதிரி வங்கதேசம். நீச்சல்குளமே இல்லாத கிராமங்களில், ஊர்க் குட்டையிலேயே மூங்கில் கட்டி, தண்ணீருக்குள் ஒரு மேடை அமைத்து, உள்ளூர் இளைஞர்களையும் பெண்களையும் பயிற்றுநர்களாக்கி, 4 வயது முதல் 12 வயது வரையான பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். 'ஸ்விம்சேஃப்' என்று பெயர். தேர்ச்சி பெற 25 மீட்டர் நீந்த வேண்டும், 30 வினாடி மிதக்க வேண்டும், கரையில் இருந்தபடியே இன்னொருவரைக் காப்பாற்றத் தெரிய வேண்டும். 2006 முதல் 2010 வரை நடந்த திட்டத்தை ஆராய்ந்து 2012-ல் வெளியான முடிவுகளின்படி, பயிற்சி பெற்ற பிள்ளைகளிடையே மூழ்கி இறப்பது 93 சதவீதம் குறைந்திருந்தது. மூங்கிலும் கயிறும் சாதித்தது இவ்வளவு. கேரளத்திலும் ஆலுவாவில் சஜி வாளச்சேரில் பெரியாற்றிலேயே ஆயிரக்கணக்கானோருக்குக் காசு வாங்காமல் நீச்சல் கற்றுக்கொடுத்திருக்கிறார். 2007-ல் தட்டேக்காட்டில் படகு மூழ்கி 15 பள்ளிப் பிள்ளைகளும் 3 ஆசிரியர்களும் இறந்ததுதான் அவரை அந்த வேலையில் இறக்கியது.

வங்கதேசத் திட்டத்தின் இன்னொரு பாதியை நாம் கவனிப்பதே இல்லை. நான்கு வயதுக்குக் கீழ் மிதவைப் பாடம் காப்பாற்றாது. அந்த வயதுக் குழந்தை மூழ்குவது ஏரியில்கூட இல்லை. மூடாத தரைத் தொட்டியில், குளியலறை வாளியில், வீட்டுக்குப் பின்னால் தோண்டிய குழியில். அம்மா சமையலிலும் கழனி வேலையிலும் இருக்கிற காலை நேரம்தான் அதிக ஆபத்து. அதனால் காலை 9 மணியிலிருந்து பகல் 1 மணிவரை குழந்தைகளை ஓரிடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்தார்கள். அந்தக் குழந்தைகளிடையே மூழ்கிச் சாவது 82 சதவீதம் குறைந்தது. நம்மிடம் அங்கன்வாடி ஏற்கெனவே இருக்கிறது. கழனி வேலைக்குப் போகும் பெண் நம்பி விட்டுப்போகிற அளவுக்கு, முதல் வயது தாண்டிய குழந்தைக்கும் அது திறந்திருக்க வேண்டும். தரைத் தொட்டிக்கு மூடி போடுவது வீட்டுக்காரர் இன்றே செய்யக்கூடிய வேலை.

குடும்பத்தோடு கற்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம், பிள்ளை மூழ்கினால் முதலில் குதிப்பது அம்மாதான். நீச்சல் தெரியாமலே குதிக்கிறாள். குதிக்காமலும் காப்பாற்றலாம். 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் நான்கு இளைஞர்கள் மூழ்கியபோது, குளித்துத் துவைத்துக் கிளம்பிக்கொண்டிருந்த மூன்று பெண்கள் தாங்கள் உடுத்தியிருந்த சேலையை அவிழ்த்து வீசினார்கள். இருவர் பிழைத்தார்கள். அந்தச் சுதந்திர தினத்தில் தமிழக அரசு அவர்களுக்குக் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. விருதோடு அதை முடித்துவிட்டோம். அந்தப் பெண்கள் செய்தது உலகம் முழுக்கப் பயிற்றுநர்கள் சொல்லிக்கொடுக்கிற சரியான முறை: கையை நீட்டாதே, பொருளை நீட்டு, இறங்காதே, எறி. சேலை, வேட்டி, மாட்டுக்கயிறு, கழி, எதுவும் உதவும். காலிப் பிளாஸ்டிக் குடத்தைக் கவிழ்த்து மார்போடு அணைத்துக்கொண்டால் பெரிய ஆளையே தாங்கும். மூடி இறுக்கிய எண்ணெய் கேனும் அப்படித்தான். பருவமழைக்கு முன் தீயணைப்புத் துறையினர் நடத்திக்காட்டும் ஒத்திகையில் இதைப் பார்த்திருக்கலாம். பார்த்ததோடு நில்லாமல் பிள்ளைகள் ஒவ்வொருவரும் குடத்தை அணைத்துத் தண்ணீரில் கிடந்து பார்க்க வேண்டும்.

கரைக்குக் கொண்டுவந்த பின் செய்கிற தவறுகளும் உயிரைக் குடிக்கின்றன. தோளில் போட்டுச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது, உப்பில் புதைப்பது எதுவும் வேண்டாம். மூச்சு இல்லையென்றால் மூக்கைப் பொத்தி வாயோடு வாய் வைத்து முதலில் மூச்சு ஊத வேண்டும். பிறகு நெஞ்சின் நடுவில் 30 முறை அழுத்தி 2 முறை ஊதி, 108 வரும்வரை விடாமல் செய்ய வேண்டும். மூழ்கியவருக்கு முதல் தேவை காற்று.

அவலூர்பேட்டையில் இதைத் தொடங்க நீச்சல்குளம் கட்டும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மாசி, பங்குனியில் ஏரித் தண்ணீர் இறங்கி, குழி எங்கே என்று அடையாளம் காண முடிகிற நேரத்தில் நல்ல கரையாக ஓரிடத்தைத் தேர்ந்து மூங்கில் கட்டிவிடலாம். படி உள்ள கிணறு ஒன்றிரண்டு இன்னும் தண்ணீரோடு இருக்கும் ஊர்களில் கிணற்றில் நீந்தப் பழகிய பெரியவர்களே பயிற்றுநர்கள். பெண்பிள்ளைகளுக்குத் தனி நேரம், பெண் பயிற்றுநர். மகளிர் குழுக்களிலிருந்து இரண்டு பேரைத் தேர்ந்து முதலில் அவர்களைப் பழக்க வேண்டும். அம்மாக்களும் பாட்டிகளும் கூடவே இறங்கட்டும். மேல்மலையனூர் கோயிலுக்கு அமாவாசையன்று வருகிற கூட்டத்தைச் சமாளித்துப் பழகிய வட்டாரம் இது. முப்பது பிள்ளைகளுக்குக் காவல் நிற்க ஆள் கிடைக்காமல் போகாது. மே 1 கிராம சபை கூடும்போது பள்ளி விடுமுறையும் இருக்கும். தீர்மானத்தில் மூன்று வரி போதும்: மண் அள்ளிய குழிகளுக்கும் கைவிட்ட கிணறுகளுக்கும் வேலி, ஒவ்வொரு ஏரிக்கரையிலும் கயிறு கட்டிய இரண்டு குடம், எட்டு வயதான ஒவ்வொரு பிள்ளைக்கும் அதே விடுமுறையில் மிதக்கப் பயிற்சி.