டோக்கன் போடும் பெட்டி

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலைக் கோயில் வாசலில் செருப்பு வைக்கும் இடத்தைக் கவனித்தால் ரவுட்டர் வேலை செய்யும் விதம் பாதி புரிந்துவிடும். குவியல் குவியலாகச் செருப்புகள், முக்கால்வாசி ஒரே மாதிரி. ஆனாலும் டோக்கனை நீட்டினால் அவரவர் செருப்பு அவரவருக்கு வந்துவிடுகிறது.

பேகோபுரத் தெருவில் ஒரு வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெளியுலகுக்குத் தெரிந்த ஐபி முகவரி அந்த வீட்டுக்கு ஒன்றுதான். சில இணைய நிறுவனங்களில் அதுவும் பல வீடுகளுக்குப் பொது. உள்ளேயோ அப்பாவின் போன், அம்மா சீரியல் பார்க்கும் டிவி, மகளின் லேப்டாப். மகள் ஓர் இணையப் பக்கத்தைக் கேட்டதும், ரவுட்டர் அந்தக் கோரிக்கையில் ஒரு போர்ட் எண்ணைப் போட்டு, 'இது 192.168.1.5 என்ற உள்முகவரி கேட்டது' என்று தன் பட்டியலில் குறித்துக்கொண்டு வெளியே அனுப்புகிறது. பதில் அதே எண்ணோடு திரும்பும். ரவுட்டர் பட்டியலைப் பார்த்து உரிய கருவியிடம் கொடுத்துவிடும். யாரும் கேட்காமல் வெளியிலிருந்து வருவதற்குப் பட்டியலில் எண் இருக்காது, அதனால் வாசலோடு சரி.

இந்த ஏற்பாட்டுக்கு நாட் என்று பெயர். 1994-இல் எகேவாங், பிரான்சிஸ் என்ற இருவர் இதை எழுதி வெளியிட்டார்கள். காரணம் முகவரித் தட்டுப்பாடு. பழைய ஐபி முறையில் மொத்தமே சுமார் 429 கோடி முகவரிகள்தான். 2011 பிப்ரவரியில் உலகின் மையக் கையிருப்பு தீர்ந்தேபோனது. அதே ஆண்டு செப்டம்பரில்தான் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது. முகவரி தீர்ந்த பிறகும் புதுப்புது வீடுகள் இணையத்துக்குள் வர முடிந்ததில் இந்த டோக்கன் கணக்குக்குப் பெரிய பங்கு உண்டு.

ரவுட்டரின் இன்னொரு வேலையைத்தான் நாம் கண்டுகொள்வதே இல்லை. கூடத்தில் இருப்பவர் படுக்கையறையில் இருப்பவருக்குக் கல்யாண போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். அது எங்கோ உள்ள சர்வருக்குப் போய், வழியில் தரமும் குறைந்து, பக்கத்து அறைக்கு வந்து சேர்கிறது! ரவுட்டர் வழியாக நேரே கொடுத்தால் இணையமே தேவையில்லை. ரீசார்ஜ் முடிந்துபோன நாளிலும் நடக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்டூடியோக்காரர் கொடுத்த ஆல்பம் 4 ஜிபி. 40 எம்பிபிஎஸ் இணைப்பில் மேலே ஏற்றவே 13 நிமிடத்துக்கு மேல், இறக்க இன்னொரு 13. வீட்டுக்குள் கிகாபிட் லேன் வயரில் ஒரு நிமிடம் போதும். மலிவு ரவுட்டர்களில் லேன் வேகமே 100 எம்பிபிஎஸ்தான்; அதிலும் ஆறு நிமிடத்தைத் தாண்டாது. வைஃபையில் சுவரைப் பொறுத்தது. ஊரின் பழைய வீட்டுச் சுவர்களை 5 கிகாஹெர்ட்ஸ் அலை தாண்டத் திணறும், 2.4 மெதுவானாலும் தாண்டும்.

செய்வது சுலபம். விண்டோஸில் நெட்வொர்க்கை 'பிரைவேட்' ஆக்கி, ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து ஷேர் கொடுங்கள். மற்ற கம்ப்யூட்டரில் ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்வுக் கோடு போட்டு ஷேர் செய்த கம்ப்யூட்டரின் உள்முகவரியை, அதாவது 192.168.1.5 என்று தட்டினால் ஃபோல்டர் திறக்கும். நேற்று 5-ஆக இருந்தது இன்று 8-ஆக மாறியிருக்கலாம், ஏனென்றால் உள்முகவரிகளை ரவுட்டர்தான் அவ்வப்போது வழங்குகிறது. அதன் அமைப்புப் பக்கத்தில் அந்த எண்ணை நிரந்தரமாக்கிவிட்டால் தொல்லை விட்டது.

பரணில் கிடக்கும் இலவச லேப்டாப்பையே வீட்டுக் கோப்புக் கிடங்காக்கலாம் என்பேன். பலவற்றில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. இப்போது புதிய லினக்ஸ் ஒன்றை ஏற்றி, சாம்பா மென்பொருளைப் போட்டால் விண்டோஸோடு பேசும். கோப்புப் பகிர்வு நெறிமுறையான எஸ்எம்பியின் பழைய முதல் பதிப்பை மட்டும் அணைத்துவிடுங்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற தீநிரல் உலகெங்கும் பரவியது அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான்.

ரமணாசிரமத்துப் பக்கம் மாடியறையை யாத்ரீகர்களுக்கு வாடகைக்கு விடும் வீடுகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். விருந்தாளிக்கு வீட்டு வைஃபை பாஸ்வேர்டைக் கொடுத்தால் அவரும் உங்கள் நெட்வொர்க்குக்குள் வந்துவிடுகிறார். பாஸ்வேர்டு போடாமல் ஷேர் செய்த ஃபோல்டர் அவருக்கும் திறக்கும். பெரும்பாலான ரவுட்டர்களில் 'கெஸ்ட் நெட்வொர்க்' உண்டு. அதைத் தனிப் பெயரில் போட்டுக் கொடுத்தால் அவருக்கு இணையம் கிடைக்கும், உங்கள் ஆல்பம் கிடைக்காது.